கொத்துச்சாவி யார் இடுப்பில்?

என் பாட்டியின் இடுப்பில் ஒரு கொத்துச்சாவி தொங்கும். நெல் அறை, பீரோ, பலகாரம் வைக்கும் அலமாரி, எல்லாவற்றுக்கும் அதில்தான் சாவி. அது குலுங்கும் சத்தம் கேட்டாலே என் அம்மா எழுந்து நின்றுவிடுவார். பாட்டி இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தக் கொத்து அம்மாவிடம் வந்தது. இனி இந்த வீடு மாறும் என்று நினைத்தேன். சில ஆண்டுகளில் அண்ணி வந்தார். அம்மாவின் சாவிச் சத்தம் கேட்டு அண்ணி எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

இந்தச் சாவிக்கொத்தை நான் மறந்தே போயிருந்தேன். நாற்பத்தாறு வயதில் லினக்ஸ் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோதுதான் மறுபடி ஞாபகம் வந்தது. அந்தக் கொத்து என் இடுப்புக்கு வந்ததையும், வந்த பிறகு நான் செய்த ஒரு தவறையும் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நான் ஒரு சிறு நகரத்தில், பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். வீட்டில் அடி வாங்கி வரும் பெண்கள், ஜீவனாம்சம் கேட்டு அலையும் பெண்கள் எங்களிடம் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, மனுவாகத் தட்டச்சு செய்து, பாதுகாப்பு அலுவலரிடமும் வக்கீலிடமும் அனுப்புவோம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ என்று ஒரு படிவம் உண்டு. யார் அடித்தார், எப்போது, எதனால், எந்த இடத்தில் காயம் என்று எல்லாவற்றையும் அதில் நிரப்ப வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் இப்படி நூற்றுக்கணக்கான பெண்களின் கதைகள் கிடந்தன.

அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த ஒருவர். விலை கொடுத்து வாங்காத விண்டோஸ் 7 அவர் போட்டுக் கொடுத்ததுதான். மெதுவாகிவிட்டது என்று போன் செய்தால் போதும், கடையில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிடுவார். அட்மின் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. எங்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்தியது. புதிதாக என்ன செய்யலாம் என்று கேட்க அவருக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நேத்து உங்க டீச்சர் அடிச்ச பெட்டிஷன்ல ரெண்டு எடத்துல ஸ்பெல்லிங் தப்பா இருக்குங்க மேடம்.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த மனு எந்தப் பெண்ணுடையது என்று எனக்குத் தெரியும். அவள் கணவர் அந்தக் கடைக்காரரோடு தினமும் டீ குடிப்பவர். சிறு நகரம் என்றால் அப்படித்தான், எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள். அவர் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டார் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அதுவரை எங்களை நம்பி வந்த பெண்களின் பாதுகாப்பு முழுவதும் ஒரு மனிதரின் நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பெண்கள் யாருக்கும் அது தெரியாது.

எங்கள் மையத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னேன். “வேற ஆளைப் பார்க்கலாமா?” என்றார். “வேற ஆளும் ஆள்தானே டீச்சர், நானே கத்துக்கறேன்” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

ஊரடங்கு வந்தது. கற்றுக்கொள்ள நேரம் கிடைத்திருக்குமே என்று ஆண் நண்பர்கள் கேட்கிறார்கள். ஆறு பேரும் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்ட மாதங்கள் அவை. எனக்குக் கிடைத்தது இரவு பத்தரைக்கு மேல், பாத்திரம் கழுவி முடித்த ஈரக்கையோடு கிடைத்த ஒன்றரை மணி நேரம். கட்டற்ற மென்பொருள் விலையில்லாமல் கிடைக்கிறது என்கிறார்கள். அதைக் கற்பதற்கான நேரம் யாருக்கு விலையில்லாமல் கிடைக்கிறது என்பது தனிக் கேள்வி. 2006இல் வெளியான, ஐரோப்பிய ஆணையத்தின் ஆதரவில் நடந்த ஓர் ஆய்வு, கட்டற்ற மென்பொருள் உலகில் பெண்கள் ஏறக்குறைய 1.5 சதவீதம்தான் என்றது. நிறுவனங்களின் மென்பொருள் துறையில் அப்போது 28 சதவீதம். சம்பளம் தரும் இடத்தில் இருந்த பெண்கள், சுதந்திரம் தரும் இடத்தில் இல்லை. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அண்ணன் மகளின் பழைய அரசு லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. அதில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வாங்கிய வாரமே கடையில் கொடுத்து, முதல் வேலையாக லினக்ஸை அழிக்கச் சொன்னது எங்கள் வீடுதான். அதே லேப்டாப்பில் டெபியனை நிறுவிப் பழகினேன்.

டெபியன் 1993இல் தொடங்கியது. தொடங்கியவர் இயன் மர்டாக் என்ற மாணவர். தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். பெயரில் முதலில் நிற்பது ஒரு பெண். அதை எழுதியவர்களின் பட்டியலில் பெண்களைத் தேட வேண்டியிருந்தது. 2004இல் ‘டெபியன் விமன்’ என்று ஒரு குழு ஆரம்பிக்க வேண்டிய அளவுக்கு.

நிறுவுவது நான் பயந்த அளவுக்குக் கடினமில்லை. பென்டிரைவில் எழுதி, கம்ப்யூட்டர் எழும்போது எஃப்12 அழுத்தி, அதிலிருந்து எழச் செய்ய வேண்டும். பயம் வந்தது ஒரே திரையில்தான். வன்தட்டைப் பிரிக்கும் இடத்தில், ‘இந்த மாற்றங்களை எழுதட்டுமா, ஆமா இல்லையா’ என்று கேட்கும். ஆமா என்றால் பழையது போய்விடும். அந்தத் திரையின் முன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அழிந்தாலும் யாரும் அழப்போவதில்லை, பரணில் கிடந்த லேப்டாப்தான். ஆனாலும், திரும்ப முடியாத ஒரு முடிவை யாரையும் கேட்காமல் நான் எடுத்தது என் வாழ்க்கையில் அதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

வைஃபை வேலை செய்யவில்லை. அந்த வைஃபை சிப்புக்கு வேண்டிய மென்பொருளின் மூலநிரலை அதைத் தயாரித்த நிறுவனம் வெளியிடவில்லை. அதனால் டெபியன் அதைத் தன் வழக்கமான நிறுவல் வட்டில் சேர்த்திருக்கவில்லை. (2022இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் இதை மாற்றினார்கள்.) கொள்கை நல்லதுதான், இன்டர்நெட் இல்லையே என்று நள்ளிரவில் எரிச்சலாக வந்தது. போனை கேபிளில் மாட்டிச் சமாளித்தேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமானது. நிறுவும்போது அது இரண்டு பாஸ்வேர்டு கேட்டது. ஒன்று எனக்கு. இன்னொன்று ‘ரூட்’ என்பவருக்கு. ரூட் என்பது அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாம் செய்ய முடிந்த கணக்கு. எதையும் திறக்கலாம், அழிக்கலாம், யாரையும் சேர்க்கலாம், நீக்கலாம். இரண்டும் நான்தான், இரண்டுக்கும் பாஸ்வேர்டு கொடுத்தேன். பிறகு என் கணக்கில் நுழைந்து, சூடோ என்ற கட்டளையால் ஒரு மென்பொருளை நிறுவப் பார்த்தேன். ரூட்டின் அதிகாரத்தைக் கொஞ்ச நேரத்துக்கு இரவல் வாங்கும் கட்டளை அது. 1980இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. திரையில் முதலில் ஒரு சிறு உபதேசம் வந்தது. மூன்று வரிகள். மற்றவரின் அந்தரங்கத்தை மதி, தட்டுவதற்கு முன் யோசி, பெரிய அதிகாரத்தோடு பெரிய பொறுப்பும் வருகிறது என்பது அதன் சாரம். பாஸ்வேர்டைக் கொடுத்தேன். ‘நீ அனுமதிப் பட்டியலில் இல்லை. இந்த நிகழ்வு புகாராக அனுப்பப்படும்’ என்றது.

எனக்குப் பகீரென்றது. யாரிடம் புகார் போகும்? என் லேப்டாப், நள்ளிரவு, நான் மட்டும் விழித்திருக்கிறேன். ஆனாலும் சின்ன வயதில் அண்ணனின் மேசை டிராயரைத் திறந்து மாட்டிக்கொண்டது போல உடம்பு கூசியது. ரூட் பாஸ்வேர்டு வைத்தால், டெபியன் முதல் பயனரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது பிறகு தெரிந்தது. சேர்க்கப் போனால் ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்றது. எஸ்-யூ என்று தட்டினால் போதாது, அதன் பின்னே ஒரு சிறு கோடும் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. அதற்குள் டெர்மினலில் ‘உனக்கு அஞ்சல் இருக்கிறது’ என்று வந்தது. திறந்தேன். என்னைப் பற்றிய புகார்தான். ரூட்டுக்கு அனுப்பப்பட்டு, ரூட்டும் நான்தான் என்பதால் எனக்கே வந்து சேர்ந்திருந்தது.

வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. எனக்கு இருபத்திரண்டு வயதில் என் மின்னஞ்சலின் பாஸ்வேர்டு அண்ணனிடம் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒரு நண்பருக்கு நான் எழுதிய கடிதத்தை அவர் படித்தார். இரண்டு மாதத்தில் என் கல்யாணம் நிச்சயமானது. “உன் நல்லதுக்குத்தாம்மா பார்த்தேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நினைத்தார். என்னைப் பற்றிய புகார்கள் அதுவரை எப்போதும் வேறு யாரிடமோதான் போயிருக்கின்றன.

அந்த ஆண்டு ஜூலையில் மையத்தின் கம்ப்யூட்டரில் டெபியன் வந்தது. நான்கு பேருக்கு நான்கு கணக்குகள். இங்கே ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி மூன்று வகையாகப் பிரிந்திருக்கும். உரிமையாளர், குழு, மற்றவர். ஒவ்வொருவரும் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று தனித்தனியாகச் சொல்லலாம். அன்றைய டெபியனில் ஒருவரின் வீட்டு அடைவை மற்றவர்கள் எட்டிப்பார்க்க இயல்பாகவே அனுமதி இருந்தது. 755 என்பார்கள். நான் அதை 700 ஆக்கினேன், உரிமையாளரைத் தவிர யாருக்கும் இல்லை. வழக்குக் கோப்புகளுக்குத் தனியாக ஒரு குழு அடைவு. எல்லோரையும் உட்காரவைத்துப் பெருமையாகச் சொன்னேன்: “இனிமே உங்க ஃபோல்டரை உங்களைத் தவிர யாரும் பார்க்க முடியாது.”

அது பொய். ரூட்டுக்கு 700 என்பதெல்லாம் கிடையாது. ரூட் நான். பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ‘யாரும்’ என்று சொன்னபோது அந்த யாரும் என்பதில் நான் என்னைச் சேர்க்கவில்லை. கடைக்காரரும் அண்ணனும் இப்படித்தான் தங்களைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

எங்களோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். என்னை அக்கா என்பாள், நான் பாப்பா என்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நவம்பரில் ஒருநாள் முழுக்கை சட்டைத் துணியில் தைத்த சுடிதார் போட்டு வந்தாள். வெயில் காலமில்லை, ஆனாலும் எனக்குப் புரிந்தது. வருஷக்கணக்காக அந்த முழுக்கைகளைப் பார்த்தவள் நான். மூன்று நாள் கழித்து, மதியம் அவள் வங்கிக்குப் போயிருந்தபோது, ரூட்டாக நுழைந்து அவளுடைய அடைவைத் திறந்தேன்.

ஒரு கடிதம் இருந்தது. யாருக்கென்று எழுதாத கடிதம். சில படங்கள். அவற்றில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். பார்த்துவிட்டு மூடினேன். என் நெஞ்சு அடைத்தது. எப்படியாவது இந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன், “வீட்டுல எல்லாம் சரியா இருக்கா பாப்பா? அந்தப் பெல்ட்டை அவர் இன்னும் வச்சிருக்காரா?”

டம்ளரைக் கீழே வைத்தாள். “பெல்ட்டைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லலையே அக்கா.”

நான் எதுவும் சொல்லவில்லை. அவளே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். “அவரும் இப்படித்தான் என் போனைப் பார்ப்பாரு. உன்மேல இருக்கற பாசத்துலதான்னு சொல்வாரு” என்றாள். அன்று மதியமே கிளம்பிப் போனவள் பத்து நாள் வரவில்லை. அந்தப் பத்து நாட்களும் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். அவள் மூச்சுவிட ஒரு இடம் என்று இருந்தது எங்கள் அலுவலகத்தில் அந்த ஓர் அடைவு மட்டும்தான். அதை நான் பறித்துவிட்டிருந்தேன்.

அந்தப் பத்து இரவுகளில் எனக்கு நானே வக்கீலாக இருந்து வாதாடினேன். முதல் வாதம்: உயிர் ஆபத்து என்றால் பார்க்கத்தானே வேண்டும்? வேண்டியிருக்கலாம். ஆனால் அவள் என்னிலிருந்து மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால், ‘ஒன்றுமில்லை அக்கா’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கும். பார்த்தால் அந்த உரிமை கிடையாது. நான் அவளுடைய பதிலைத் தவிர்ப்பதற்காகவே கேள்வியைத் தவிர்த்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறேழு இரவுகள் ஆயின.

இரண்டாவது வாதம்: என் நோக்கம் நல்லது. உண்மை. அண்ணனின் நோக்கமும் நல்லதுதான். நோக்கத்தை வைத்து எங்கள் இருவரையும் பிரிக்க முடியாது. அவர் எனக்குச் செய்ததை நான் ‘கண்காணிப்பு’ என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நான் செய்ததற்கு ‘அக்கறை’ என்று பெயர் வைத்திருந்தேன்.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் வலுவாக இருந்தது: நான் ஒரு பெண், அவளும் பெண், நாங்கள் ஒரே பக்கம். எங்கள் இயக்கங்களில் இதை நாம் நிறையவே சொல்லிக்கொள்கிறோம். அதிகாரம் பெண் கைக்கு வந்தால் வேறு மாதிரி இருக்கும் என்று நம்புகிறோம். அப்போதுதான் பாட்டியின் கொத்துச்சாவி ஞாபகம் வந்தது. பாட்டி பெண், அம்மா பெண், அண்ணியும் பெண். சாவி பெண்களின் இடுப்பிலேயே மூன்று தலைமுறை இருந்தது. ஒரே ஆள் எல்லா அறைக்கும் சாவி வைத்திருக்கும் வீடாகவே அந்த வீடு இருந்தவரை, யார் இடுப்பு என்பதால் ஒன்றும் மாறவில்லை. அம்மா நல்லவர். அண்ணிமீது உண்மையிலேயே பாசம் வைத்திருந்தார். அண்ணி அப்படியும் எழுந்து நின்றார்.

ஆகவே, நல்லவர் கையில் அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நல்லவர் ஒருநாள் வழுக்கினால் என்ன நடக்கும், அது யாருக்குத் தெரியும், யார் தடுப்பார் என்று கேட்க வேண்டும். என் விஷயத்தில் அது யாருக்குமே தெரிந்திருக்காது. என் வாய் தவறியதால்தான் தெரிந்தது. நான் இன்னும் கொஞ்சம் சாமர்த்தியசாலியாக இருந்திருந்தால் இன்றுவரை பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன்.

கட்டற்ற மென்பொருளின் தத்துவத்தை அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்க, படித்து மாற்ற, பிறருக்குப் பிரதி கொடுக்க, மாற்றியதைப் பகிர என்று நான்கு சுதந்திரங்களை அந்த இயக்கம் சொல்கிறது. அவரைப் பற்றிய ஒரு பழைய சம்பவம் உண்டு. 1977இல் எம்.ஐ.டி.யின் ஓர் ஆய்வகத்தின் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு முறையைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டையும் உடைத்துக் கண்டுபிடித்து, ‘இதை எடுத்துவிட்டு வெறுமையாக வைத்துக்கொள்ளுங்களேன்’ என்று அவரவருக்கே செய்தி அனுப்பினார். ஐந்தில் ஒருவர் அப்படியே செய்தார்களாம்.

கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இதை ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுவதும் சிரிக்க முடியவில்லை. அந்த ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குப் பாஸ்வேர்டு என்பது மேலிடம் போட்ட விலங்காகத் தெரிந்திருக்கலாம். ஒரு போனைக் கணவரோடு பகிர்ந்துகொள்ளும் பெண்ணுக்கு அது குளியலறையின் தாழ்ப்பாள். எல்லாம் திறந்திருக்கட்டும் என்று யாரால் சொல்ல முடிகிறது? திறந்திருப்பதால் எதையும் இழக்காதவரால்.

ஆனால் நான்கு சுதந்திரங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதில் இருக்கும் திறப்பு வேறு வகை. திறந்திருக்க வேண்டும் என்று அது சொல்வது நம்மை ஆளும் நிரலை. கம்ப்யூட்டர் யாருக்குக் கீழ்ப்படிகிறது, என்ன விதியின்படி, அந்த விதியை மாற்ற முடியுமா என்பதை எவரும் பார்க்கலாம் என்கிறது. பாப்பாவின் கடிதம் திறந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதிகாரம் உள்ள இடம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அதிகாரம் இல்லாதவருக்கு ஒரு தாழ்ப்பாளாவது வேண்டும். எங்கள் மையத்தில் நான் அப்படியே தலைகீழாகச் செய்திருந்தேன். ரூட்டாக நான் செய்தது எவருக்கும் தெரியவில்லை, அவள் எழுதியது எனக்குத் தெரிந்தது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸிலும் கணக்குகளைப் பிரிக்கலாம், பூட்டலாம். டெபியனின் நிரல் திறந்திருந்தாலும் சி மொழியில் உள்ள அதில் பத்து வரி படித்துப் புரிந்துகொள்ள என்னால் முடியாது. உலகத்துக்குத் திறந்திருப்பது எனக்கும் திறந்திருப்பதாக ஆகிவிடாது. படிக்கத் தெரிந்த யாரோ படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் நானும் இருக்கிறேன். ஆனாலும், உன் கையில் இருப்பது அதிகாரம் என்று என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னது அந்த மூன்று வரி உபதேசம்தான். சாவிக்கொத்தைக் கொடுத்தபோது அம்மாவிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. உபதேசம் என்னைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை. முதல் வரியே மற்றவரின் அந்தரங்கத்தை மதி என்பதுதான். அதைப் படித்துவிட்டுத்தான் நான் திறந்தேன்.

பதினோராம் நாள் பாப்பா வந்தாள். மற்றவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கட்டுமா, தனியாகக் கேட்கட்டுமா என்று அவளிடமே கேட்டேன். தனியாக என்றாள். கேட்டேன். “சரிக்கா” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, அவள் பெயர் வராமல், ஒரு உண்மையைச் சொன்னேன்: “யாரும் பார்க்க முடியாதுன்னு நான் சொன்னது தப்பு. என்னால பார்க்க முடியும்.” டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரம் மூன்று காரியங்கள் செய்தோம். ஒவ்வொருவருக்கும் அவரவர் மட்டுமே அறிந்த கடவுத்தொடரால் பூட்டும் குறியாக்கப் பெட்டகம் ஒன்று. பூட்டியிருக்கும்போது ரூட் அதைத் திறந்தால் வெறும் குப்பை எழுத்துகள்தான் தெரியும். இரண்டாவது, நிர்வாகி இனி இரண்டு பேர். மூன்றாவது, ஒரு நீள நோட்டு. ரூட்டாக எப்போது நுழைந்தாலும் தேதி, நேரம், காரணம் எழுதி, பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். கம்ப்யூட்டரும் சூடோ பயன்பாட்டைத் தன் பதிவுக்கோப்பில் எழுதுகிறது. ஆனால் அந்தக் கோப்பை ரூட்டே திருத்த முடியும். பேனா மையில் எழுதிய நோட்டைத் திருத்தினால் தெரியும்.

இதிலும் ஓட்டை உண்டு. மனம் வைத்தால், தட்டும் எழுத்துகளைத் திருடும் ஒரு நிரலை ரூட்டால் ரகசியமாக நிறுவிவிட முடியும். அதையும் சொல்லிவிட்டேன். ஓட்டை எங்கே என்று தெரிந்து நம்புவதுதான் நம்பிக்கை என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் கொடுத்தோம். அடுத்த ஆண்டு இன்னொரு தோழி தன் கடவுத்தொடரை மறந்துவிட்டார். இரண்டு மாதக் குறிப்புகளும், வேறெங்கும் இல்லாத சில படங்களும் அதற்குள் இருந்தன. “நீங்க அட்மின்தானே அக்கா, உங்களால கூடவா முடியாது?” என்று அழுதார். முடியாது. நானும் அவரோடு உட்கார்ந்து நினைவுக்கு வந்த எல்லா வார்த்தைகளையும் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. காப்பாற்றுபவர் ஒருவர் எப்போதும் இருந்தால் எதுவும் தொலையாது. ஆனால் காப்பாற்றுபவரால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரவும் முடியும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. அந்தத் தோழியிடம் பிறகு கேட்டேன், பழைய மாதிரியே வைத்துக்கொள்ளலாமா என்று. யோசித்துவிட்டு, “வேண்டாம்” என்றார். இப்போது கடவுத்தொடரை ஒரு தாளில் எழுதி, தன் அம்மா வீட்டில் வைத்திருக்கிறார். யாரிடம் கொடுத்து வைப்பது என்பதை அவரே முடிவு செய்தார்.

எனக்கு இன்னும் விடை தெரியாத ஒன்று உண்டு. குழு அடைவில் கிடக்கும் அந்த நூற்றுக்கணக்கான பெண்கள். அவர்கள் வாழ்க்கை அதில் இருக்கிறது, அவர்களுக்கு அதில் கணக்கு இல்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவர்கள் உரிமையாளர் இல்லை, குழுவும் இல்லை, ‘மற்றவர்’ கூட இல்லை. எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே சேமிப்பது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ‘இதை எடுத்துடுங்க’ என்று சொன்னால் எடுக்கிறோம். வழக்கு முடிந்த பிறகு எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் முடிவு செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சு முடியவில்லை.

இரண்டாவது நிர்வாகி பாப்பாதான். அவளேதான் கேட்டாள். “அந்தச் சாவி எங்கிட்டயும் இருக்கட்டும்கா” என்றாள். நான் கற்றுக்கொடுத்ததைவிட வேகமாகக் கற்றாள். 2021 ஆகஸ்டில் டெபியன் 11 வந்தபோது பழையதிலிருந்து அதற்கு மாற்றியது அவள்தான். மாற்ற ஆரம்பிக்கும் முன் நோட்டை எடுத்து தேதியும் நேரமும் காரணமும் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வீட்டில் என்ன ஆனது என்பது அவள் சொல்ல வேண்டிய கதை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எடுத்துவிட்டேன்.